ஒரே சொல், ஒரே மாத்திரை

அரிப்பு, எரிச்சல், திரிந்த பால்போல வெள்ளை. இத்தனையையும் மருந்துக்கடையில் ‘வெள்ளைப்படுது’ என்ற ஒரே சொல்லில், அதுவும் குரலைத் தாழ்த்தி, சொல்லப் பழக்கப்பட்டிருக்கிறோம். கடைக்காரரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆன்டிபயாடிக் அட்டையைக் காகிதத்தில் சுற்றி நீட்டுகிறார். அவருக்கும் கூச்சமாம்!

ஆன்டிபயாடிக் தாக்குவது பாக்டீரியாவை. ஈஸ்ட் என்பது பூஞ்சை. அதன் செல்சுவரே வேறு, பென்சிலின் வகை மருந்து அதை ஒன்றும் செய்யாது. சாவது, யோனியில் லாக்டிக் அமிலம் உண்டாக்கிக் காவல் இருக்கும் லாக்டோபேசில்லஸ். காவல் குறைந்தால் ஈஸ்ட் இன்னும் பெருகும். மாத்திரை தின்று அரிப்பு கூடியவளிடம் ‘சுத்தமா இருக்கணும்மா’ என்று உபதேசம் வேறு.

பூஞ்சைக்குத் தனி மருந்து வேண்டும் என்பது புதுச்செய்தி அல்ல. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரௌனும் மண் மாதிரிகளில் தேடிக் கண்டெடுத்த நிஸ்டாட்டினை 1950இல் அறிவித்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு ஊர்கள், இடையே தபால்.

இன்று க்ளோட்ரிமசோலும் ஃப்ளுகோனசோலும் எளிதில் கிடைக்கின்றன. கிடைக்காதது கேள்விதான்: அரிப்பா, நாற்றமா? மீன்வாடை என்றால் பெரும்பாலும் பாக்டீரியா; அங்கே ஆன்டிபயாடிக் பொருந்தும். கர்ப்பமா? அப்படியானால் ஃப்ளுகோனசோல் மாத்திரை கூடாது. திரும்பத் திரும்ப வருகிறதா? சர்க்கரையையும் சோதிக்க வேண்டும்.