மறுபடியும் பழையாறைக்கு

1954 மே மாதம் 'கல்கி' இதழில் கல்கி எழுதிவந்த சோழர் காலக் கதை 'பொன்னியின் செல்வன்' முடிந்தது. மூன்றரை ஆண்டு ஓடிய தொடர். பாராட்டுக் கடிதங்களோடு குறைப்பட்டுக்கொண்ட கடிதங்களும் வந்தன. கதையை இப்படித் திடுதிப்பென்று முடிக்கலாமா, வந்தியத்தேவனும் குந்தவையும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று வாசகர்களுக்கு ஆற்றாமை. கல்கி ஒரு முடிவுரை எழுதினார். பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னார். இதே காலத்தைக் களமாக வைத்து இன்னும் சிறப்பாக எழுதக்கூடியவர்கள் பின்னால் வருவார்கள் என்றும் சொல்லிவைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

பிடித்துப்போன கற்பனை உலகத்துக்குள் மறுபடி நுழைய வேண்டும் என்ற ஆசை இன்று வீடியோ கேம் ஆடுகிறவர்களிடம்தான் அதிகம் கேட்கிறது. பெதஸ்டா நிறுவனத்தின் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசை ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு மாகாணத்துக்குப் போய்விடும். 2002-இல் வந்த 'மாரோவிண்ட்', எரிமலைச் சாம்பலும் மரம்போல் உயர்ந்த காளான்களும் நிறைந்த ஒரு தீவில் நடந்தது. அடுத்து வந்த 'ஒப்ளிவியன்', 'ஸ்கைரிம்' இரண்டுக்கும் வேறு வேறு நிலம். முதல் தீவை மறக்க முடியாத ரசிகர்களில் ஒரு கூட்டம், சம்பளம் ஏதும் இல்லாமல் பல ஆண்டுகளாக அதை 'ஸ்கைரிம்' ஆட்டத்துக்குள்ளேயே திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறது. 'ஸ்கைவிண்ட்' என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். நிறுவனம் கதவைத் திறக்காவிட்டால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. அந்த நிலம் நிறுவனத்தின் சொத்து.

தமிழ் வாசகருக்கு அந்தத் தடை இல்லை. சோழ நாடு யாருடைய காப்புரிமையும் அல்ல. கல்கியின் நூல்களே அவருடைய நூற்றாண்டை ஒட்டி நாட்டுடைமை ஆகிவிட்டன. அதன்பின் நந்தனம் புத்தகக் காட்சியில் 'பொன்னியின் செல்வன்' மலிவுப் பதிப்புகள் அடுக்கடுக்காகக் குவிந்தன. களம் திறந்து கிடக்கிறது, நுழைந்தவர்களும் பலர். இருந்தும் வாசகரின் குறை தீரவில்லை. ஏன் தீரவில்லை என்பதுதான் விஷயம்.

திரும்பிப் போவது எப்படி என்பதைக் கல்கியே ஒரு முறை செய்து காட்டியிருக்கிறார். 1941-இல் 'கல்கி' இதழ் தொடங்கியபோது அவர் எழுதியது 'பார்த்திபன் கனவு'. அதில் பல்லவ நரசிம்மவர்மர் வயது முதிர்ந்த சக்கரவர்த்தி. வாதாபி வெற்றி பழங்கதை. அதற்குப்பின் வந்த 'சிவகாமியின் சபதம்' ஒரு தலைமுறை பின்னால் போகிறது. முதல் நாவலில் ஒற்றைக் கையோடு திரியும் கபாலிகனுக்கு மற்றக் கை எங்கே போனது என்பது இரண்டாவது நாவலின் கடைசியில்தான் தெரியவருகிறது. நூல்களை வெளிவந்த வரிசைப்படி படித்தவருக்கே இந்தச் சுவை கிடைக்கும்; சரித்திர வரிசைப்படி படிக்கச் சொல்லும் நண்பர்கள் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். 2017-இல் இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' பழைய எரிமலைத் தீவுக்குத் திரும்பியதும் இதே வழியில்தான். அது முதல் கதைக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகள் முந்தைய காலத்துக்குப் போனது.

பொன்னியின் செல்வனுக்குப் பின்னால் வந்தவர்களில் அகிலன் கெட்டிக்காரர். 'வேங்கையின் மைந்தன்' அதே 'கல்கி' இதழில் தொடராக வந்து 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. கதை ராஜேந்திரன் காலத்தது. நாயகன் கொடும்பாளூர் இளங்கோ. வல்லவரையர் வந்தியத்தேவர் அதில் பெரியவராக வந்து நிற்கிறார். வாயாடி வாலிபனாகப் பார்த்த ஒருவரை நரைத்த தலையோடு பார்க்கும்போது, இடையில் எழுதப்படாமல் போன காலமெல்லாம் வாசகர் மனதில் தானாக நிரம்பிவிடுகிறது. 2023-இல் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இதே உபாயத்தைக் கையாண்டது. முந்தைய பாகம் 2000-இல் கனடாவின் பயோவேர் செய்தது. கதைக்குள் 100 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. முந்தைய பாகத்தின் ஜஹீராவும் மின்ஸ்க்கும் மறுபடி தலைகாட்டினார்கள், ஆனால் கதை வேறு யாருடையதோ.

விக்கிரமன் எடுத்துக்கொண்டது கடினமான வேலை. 'அமுதசுரபி' ஆசிரியராக அரை நூற்றாண்டு இருந்த அவர், 'நந்திபுரத்து நாயகி'யில் கல்கி நிறுத்திய இடத்திலிருந்தே கதையைத் தொடர்ந்தார். நந்திபுரம் என்பது பழையாறை, நாயகி குந்தவை. உத்தம சோழன் பட்டத்துக்கு வந்தது முதல் 985-இல் ராஜராஜன் முடிசூடியது வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள். கல்கி காலியாக விட்டுப்போன அந்த இடைவெளியில்தான் பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். இத்தகைய நேர்த்தொடர்ச்சிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் வாசகர் ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் பேச்சு அதே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார். அரண்மனை, சுரங்கப்பாதை, சதிக்கூட்டம் எல்லாம் சரியாக இருந்தாலும், நடுவில் கதையை நிறுத்திவிட்டு வாசகரோடு சிரித்துப் பேசும் கல்கியின் அந்தக் குரல் இல்லை. அது கல்வெட்டில் கிடைக்கிற பொருளல்ல.

கல்வெட்டில் கிடைப்பது வேறு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்ததையும் சொல்கிறது. நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவப் பண்டாரத்தாரும் இதை வைத்து வெவ்வேறு முடிவுக்கு வந்தார்கள். கொலைக்குப் பின்னால் இருந்தவர் யார் என்ற கேள்வியைக் கல்கி வேண்டுமென்றே மங்கலாக விட்டார். அந்த மங்கல்தான் 70 ஆண்டுகளாக எழுத்தாளர்களை, கல்கியின் கதையில் கொலை நடக்கும் கடம்பூருக்கு இழுக்கிறது. மயிலாப்பூரில் வாழ்ந்த பாலகுமாரனும் 'கடிகை'யில் அதைத் தொட்டார்.

ஆனால் பாலகுமாரனின் பெரிய சாதனை, ஆறு பாகங்கள் கொண்ட 'உடையார்'. கல்கியின் உலகத்துக்குத் திரும்புவதாக அவர் காட்டிக்கொள்ளவே இல்லை. ராஜா அதே ராஜாதான், ஊர் வேறு. இங்கே தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்குக் கல் சுமக்கிறார்கள், சாரம் கட்டுகிறார்கள், தச்சரும் சிற்பியும் அந்தணரும் சண்டை போடுகிறார்கள். கதையின் மையத்தில் குந்தவையோ வானதியோ இல்லை, ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவி இருக்கிறார். பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில், பழைய பழையாறையின் எல்லைக்குள், ராஜேந்திரன் அவருக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயிலை இன்றும் பார்க்கலாம். 'உடையார்' படித்தவர்களில் பலர் அங்கே தேடிப் போகிறார்கள். வாசகரை ஒரு புது இடத்துக்கு நடத்திக்கொண்டு போன ஒரே பிற்காலச் சோழ நாவல் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. இதைப் படித்துவிட்டு, வந்தியத்தேவன் போதவில்லை என்று முகம் சுளிக்கும் கல்கி ரசிகர்களும் உண்டு. அவர்கள் கேட்பது சோழ நாட்டை அல்ல. தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த கொண்டையும் புன்னகையுமாக, வாரா வாரம் வீட்டுக்கு வந்த சோழ நாட்டை.

தியாகராய நகர் தீனதயாளு தெருவில் இருக்கும் வானதி பதிப்பகம் கல்கியையும் சாண்டில்யனையும் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டுத் தந்தது. அதோடு, தொடர் வந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்த புத்தகங்களும் சென்னை வீடுகளில் ஏராளம். வினு, பத்மவாசன் என்று பின்னால் வேறு ஓவியர்கள் வரைந்தபோதெல்லாம், முதல் பைண்டைப் படித்தவர்கள் தங்கள் வந்தியத்தேவன் இவன் இல்லை என்றார்கள். 1999-இல் மேஜிக் லாண்டர்ன் குழு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் 'பொன்னியின் செல்வன்' கதையை நாடகமாக்கியபோது அந்த முறையீடு அவ்வளவாக எழவில்லை. திறந்தவெளியும் ராத்திரியும் கோட்டை போன்ற அரங்கமும் அமைந்த மேடையில், பார்க்கிறவர்கள் விடுபட்டதைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

சினிமா அதற்கு இடம் கொடுக்காது. எம்.ஜி.ஆர். 1950-களின் கடைசியில் எடுக்க நினைத்துக் கைவிட்ட கதை, மணிரத்னம் இயக்கத்தில் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்தது. சோழ நாட்டுக்குத் திரும்பப் போக ஆசைப்பட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய கதவு திறந்ததில்லை. முதல் பாகத்துக்குத் தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போனார்கள். இரண்டாம் பாகம் முடிந்து வெளியே வந்தவர்களிடம் பேச்சு வேறாக இருந்தது. நாவலில் உத்தம சோழனாகும் சேந்தன் அமுதன் படத்தில் அரியணை ஏறவில்லை. கடம்பூர் அரண்மனை இருந்தது, கந்தமாறன் இருந்தான். நாவலில் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடும் கந்தமாறனின் தங்கை மணிமேகலை மட்டும் அந்த வீட்டில் பிறக்கவே இல்லை.