வாளுக்கும் ஸனத் வேண்டும்

போர்க் காட்சிச்சாலையைத் தேடி எவரும் ஏற்காட்டுக்குச் செல்வதில்லை. ஏரி, ஆரஞ்சு, குளிர்காற்று, காப்பித் தோட்டம் ஆகியவற்றை நாடியே செல்வர். நாமும் விடுமுறையில் இரண்டு நாள் ஓய்வுக்கென்றே சென்றோம். ஆயினும் சேர்வராயன் மலை விளிம்பில் நின்று சேலத்துச் சமவெளியைப் பார்த்தபோது, இந்நிலம் எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது என்னும் எண்ணம் எழுந்தது.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் தம் அரசில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். பாராமகாலும் சேலமும் கும்பினியார் பங்காயின. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்தை ஏற்றார். பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ அவருக்குத் துணையாயிருந்தார். அதன்பின் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இம்மலையில் காப்பி வந்தது. ஆக, ஏற்காட்டுக் காப்பிக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. அதைச் சொல்லும் கல்லொன்றும் நம் கண்ணில் படவில்லை.

அப்போரின் தடயங்களைக் காட்சிச்சாலைகளில் காணலாமென்று தனியே காரோட்டிப் புறப்பட்டோம். துணையோடு சென்றால் கண்ணாடிப் பேழை ஒன்றின்முன் ஐந்து நிமிடம் நிற்க விடமாட்டார்கள் என்பது நம் வீட்டு அனுபவம்.

மதரஸாவில் ஹதீஸ் கலை பயின்ற நாளில் உஸ்தாது எமக்கு முதலில் கற்பித்த கேள்வி, 'இதைச் சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்?' என்பதே. செய்தி எத்துணை அழகாயிருப்பினும், அறிவிப்பாளர் தொடராகிய ஸனத் அறுந்திருந்தால் அது எடைபோடப்பட்டே ஏற்கப்படும். காட்சிச்சாலைப் பொருள்களையும் இக்கேள்வியுடனேயே பார்த்தோம். பெரும்பாலானவை தேறவில்லை.

தமிழகத்து நகரொன்றின் காட்சிச்சாலையில் ஒரு வாள். 'வாள், 18ஆம் நூற்றாண்டு' என்பதே அட்டை. அலகில் அரபு எழுத்துகள் தெளிவாயிருந்தன. போருக்குச் செல்வோர் இறையுதவியை வேண்டிப் பொறித்துக்கொள்ளும் மறைமொழியின் பகுதி அது. படித்துச் சொன்னோம். காவலுக்கு நின்றவர் வியந்து, "இத்தனை வருஷமா நிக்கிறேன் பாய், பூ வேலைப்பாடுன்னுதான் நினைச்சேன்" என்றார். குற்றம் அவருடையதன்று. பேசும் பொருளை ஊமையாக்கி வைத்தவர்களுடையது. அவ்வாள் எவர் இடையில் தொங்கியது, எப்போரில் பறிக்கப்பட்டது, எவர் வீட்டுச் சுவரில் அழகுக்காக மாட்டப்பட்டிருந்தது? அட்டையில் இவற்றுள் ஒன்றுமில்லை.

மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சங்ககிரிக் கோட்டையைக் கண்டு, பவானி, சத்தியமங்கலம் வழியே திம்பம் ஏறி மைசூர் நாட்டுக்குள் சென்றோம். வழி நெடுகிலும் படைகள் ஏறியிறங்கிய நிலம். அதைப் பற்றித் தனியே எழுதலாம். சீரங்கப்பட்டணத்தில் 1784இல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகை இப்போது காட்சிச்சாலை. அதன் மேற்குச் சுவரில் பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டுள்ளது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அண்மையில் கர்னல் பெய்லியின் படை முறியடிக்கப்பட்ட காட்சி. வெடிமருந்து வண்டி தீப்பற்றுகிறது. காயமுற்ற பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்தபடி அமர்ந்திருக்கிறார். ஹைதரும் திப்புவும் கலக்கமின்றி வருகின்றனர். நம் உள்ளம் ஒரு கணம் நிமிர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இச்சித்திரத்தின் ஸனத் என்ன? மூல ஓவியம் சுண்ணாம்பால் மறைக்கப்பட்டது. சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இம்மாளிகையில் குடியிருந்த ஆர்தர் வெல்லஸ்லி அதைப் புதுப்பித்தார். பின்னர் மீண்டும் மங்கியதை 1850களில் டல்ஹௌசி திரும்பத் தீட்டச் செய்தார். வென்றவரின் பெருமிதம் தோற்றவரின் கையால் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது! இடையில் எது கூடியது, எது குறைந்தது? இதைச் சொன்னால் ஓவியத்தின் மதிப்புக் குறையும் என அஞ்ச வேண்டாம், கூடவே செய்யும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஹைதரின் அப்படையெடுப்பில் கர்நாடகத்து ஊர்கள் பல எரிந்தன. உழவர் வீடிழந்து ஓடினர். சுவரில் அவர்களுக்கு இடமில்லை. நம்மவர் என்பதற்காக ராவியின் குறையை மறைப்பது ஹதீஸ் கலையில் இல்லை.

எதிர்த்தரப்பு வாக்குமூலத்தைக் காணச் சென்னைக்கு வர வேண்டியிருந்தது. புனித ஜார்ஜ் கோட்டைக் காட்சிச்சாலையில் காரன்வாலிஸின் பளிங்குச் சிலை நிற்கிறது. தாமஸ் பாங்க்ஸ் செதுக்கியது. அதன் பீடத்தில், உடன்படிக்கைக்குப் பிணையாகத் திப்புவின் மைந்தர் அப்துல் காலிக்கும் முயிஸுத்தீனும் ஒப்படைக்கப்படும் காட்சி புடைப்பாக உள்ளது. பத்து வயதை ஒட்டிய சிறுவர்கள். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய்க்கும் பாதி நாட்டுக்கும் மேலாக இவ்விருவரும் கேட்கப்பட்டனர். 1794 வரை தந்தையைப் பார்க்கவில்லை. சிற்பியோ அதைக் கருணைக் காட்சியாக வடித்துள்ளார். காரன்வாலிஸ் பிள்ளைகளை அன்போடு வரவேற்கிறாராம்! பிள்ளைகளைப் பெற்றவர் எவரும் அப்பளிங்கின்முன் சற்று நின்று பார்க்கட்டும்.

ஏற்காட்டு மலையைக் கைமாற்றிய அதே உடன்படிக்கைதான் இச்சிறுவர்களையும் கைமாற்றியது. சேலத்தில் ஒரு பேழையும் சீரங்கப்பட்டணத்தில் ஒரு சுவரும் சென்னையில் ஒரு சிலையும் ஒன்றையொன்று அறியாதனபோல் நிற்கின்றன. ஒன்றின் அருகே மற்றதன் படம் ஒன்றை வைத்தால் என்ன? பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. வாளில் உள்ள அரபு, பார்சி எழுத்துகளைப் படித்துத் தர நம் மதரஸா ஆசிரியர்களை அழைக்கலாம். கூலி கேட்க மாட்டார்கள்.

அந்தக் காவலருக்கு வாளின் எழுத்துகளையும் பொருளையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். அட்டை மாறியிருக்கிறதா என்று அடுத்த விடுமுறையில் போய்ப் பார்க்க வேண்டும்.