நிக்கல் பட்டை உரியும் ஓசை

போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் செத்துவிட்டது என்று தூக்கி வருவார்கள். பல சமயம் செத்தது இன்வெர்ட்டர் போர்டு மட்டும்தான், உள்ளே பேட்டரி திடமாக இருக்கும். அதை வெளியே எடுக்கிற கை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் சென்னை ரிச்சி தெருப் பக்கம் போய் நிற்கலாம். நல்ல மெக்கானிக் முதலில் மோதிரத்தைக் கழற்றி வைப்பார். ஸ்க்ரூடிரைவர் தண்டு முழுக்க டேப் சுற்றியிருக்கும். நுனி மட்டும் பளபளக்கும். பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் போர்டுக்குப் போகும் மெல்லிய வயர்களை ஒவ்வொன்றாகத்தான் வெட்டுவார். வெட்டிய நுனிக்கு உடனே டேப். இரண்டைச் சேர்த்து வெட்டினால் கட்டரின் வாயிலேயே பொறி பறக்கும்.

பிறகுதான் ரசிக்க வேண்டிய இடம். செல்களின் தலையில் ஒட்டியிருக்கும் நிக்கல் பட்டையின் ஓரத்தைக் கட்டரால் பிடித்து, இழுக்காமல், வாழைநார் உரிப்பதுபோல் மெல்லச் சுருட்டுகிறார். வெல்டிங் புள்ளிகள் டிக், டிக் என்று விட்டுக்கொடுக்கின்றன. பிளஸ் முனையில் கை இன்னும் நிதானமாகிறது. 18650 என்ற இந்த உருளைச் செல்லில் அந்த முனையைச் சுற்றியுள்ள விளிம்பே மைனஸ். நடுவே காப்பது ஒரு காகித வளையமும் மெல்லிய உறையும்தான். அங்கே அவசரப்படுகிறவரிடம் என் செல்லைக் கொடுக்க மாட்டேன். நெளிந்த செல்களும் வோல்டேஜ் அடியோடு இறங்கியவையும் தனியே மணல் வாளிக்குப் போகின்றன. மற்றவற்றுக்கு மீட்டர் வைத்து, உறையிலேயே மார்க்கரால் அளவை எழுதி அடுக்குகிறார், கையெழுத்துகூட அழகு.