கைலாக்கில் கொல்லிமலை

நாமக்கல்லில் இருந்துகொண்டு, மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் எஞ்சின் வைத்த வண்டியைப் பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கினேன் என்று வெளியே சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். லாரிக்கு பாடி கட்டும் ஊர் இது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், திரும்பிப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே எந்த கம்பெனி லாரி போகிறது என்று சொல்லிவிடுவார். அவரிடம் போய் ‘ஸ்கோடா கைலாக்’ என்றால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, “மைலேஜ் என்னங்க குடுக்குது?” இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அதற்கு முன் ஒன்றை அடித்துச் சொல்லிவிடுகிறேன். நாலு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவிகளில் இவ்வளவு ஆசையாக ஓட்டத் தோன்றும் வண்டி இன்று வேறு கிடையாது. கிடையவே கிடையாது.

அதை எங்கே தெரிந்துகொண்டேன் என்று கேட்டால், கொல்லிமலையில். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி மேலே போய்ச் சேர்வதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. எண்ணிக்கொண்டே ஏறலாம், முக்கால்வாசிப் பேர் முப்பதுக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ரோடு குறுகல். எதிரே அரசு பஸ் இறங்கி வந்தால் ஓரம் கட்டி நிற்க வேண்டும். அது கடந்து போனதும் ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்ப வேண்டும். எஞ்சின், கிளட்ச், ஸ்டீயரிங், பிரேக், சீட்டு என்று எதிலும் பொய் சொல்லித் தப்பிக்க முடியாத ரோடு அது. கம்பெனிக்காரர் கொடுக்கும் அட்டைப் புத்தகத்தில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கொல்லிமலையில் ஏற்றிப் பார்த்தால் வண்டியின் குணம் தெரிந்துவிடும்.

இந்த எஞ்சின் 115 குதிரைத்திறன். அந்த எண்ணை விடுங்கள், முக்கியம் அடுத்தது. 178 நியூட்டன் மீட்டர் டார்க், 1,750 ஆர்பிஎம்மில் ஆரம்பித்து 4,000 வரை அப்படியே நிற்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்பது இரண்டாவது கியரில் வளைவை முடித்து ஸ்டீயரிங்கை நேராக்கும்போது தெரியும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் போதும், வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. அடுத்த வளைவு, மறுபடியும் அதே. ஏற்றமும் திருப்பமும் ஒன்றாக வரும் சில வளைவுகளில் ஆர்பிஎம் 1,750க்குக் கீழே விழுந்துவிட்டால் டர்போ ஒரு மூச்சு எடுத்துக்கொண்டுதான் விழிக்கும். அங்கே கௌரவம் பார்க்காமல் முதல் கியருக்கு இறங்கிவிட வேண்டும். இந்தக் குணம் பிடிபட்டுவிட்டால் அதன்பிறகு நாமும் வண்டியும் சேர்ந்து ஏறுகிறோம். நான் வாங்கியது மேனுவல். ஆறு கியர். லீவர் விழும் விதம் இருக்கிறதே, தேவை இல்லாதபோதும் கியர் மாற்றத் தோன்றுகிறது.

ஸ்டீயரிங் இன்னொரு சந்தோஷம். டவுனுக்குள் ஒரு விரலில் சுற்றலாம். வேகம் ஏற ஏறத் தானாகக் கனம் கூடுகிறது. எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவு திரும்புகிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உயரமான வண்டிகள் வளைவில் படகு சாய்வதுபோல் சாயும் என்றுதான் நினைத்திருந்தேன். இது சாய்வதாகவே தெரியவில்லை. என் அம்மாவுக்கு மலை ஏறினால் குமட்டும். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் வரமாட்டார். செம்மேட்டில் வண்டி நின்றதும் அந்தப் பழத்தை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, “டீக்கடை எங்கப்பா இருக்கு?” என்று கேட்டார். எந்த விமர்சகர் கொடுக்கும் மதிப்பெண்ணும் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

கூட வந்த மாமா சொந்தமாக லாரி ஓட்டியவர். கிளம்பும்போது பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “ஒரு லிட்டரு, மூணு சிலிண்டரு. அஞ்சு பேரோட இது மேல ஏறுமா மாப்ளே?” என்றார். இறங்கி வரும்போது அவர்தான் ஓட்டினார். இரண்டாவது கியரில் விட்டு, எஞ்சின் பிரேக்கிலேயே பாதி வளைவுகளை முடித்தார். கீழே வந்ததும் பாராட்டெல்லாம் இல்லை. சாவியைக் கொடுக்காமல் சேந்தமங்கலம் வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

இந்த ஒரு லிட்டர் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் குழப்பம். 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு எக்சைஸ் வரியைக் குறைத்தபோது, நீளம் 4,000 மி.மீ.க்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் என்று ஒரு கோடு போட்டார்கள். ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்தக் கோடு போகவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. கம்பெனிகள் எஞ்சினைச் சுருக்கி, மேலே ஒரு டர்போவை மாட்டி, இழந்த பலத்தை மீட்டுக்கொள்வது இந்தக் கோட்டால்தான். கைலாக்கின் நீளம் 3,995 மி.மீ. ஐந்து மில்லிமீட்டரில் வரியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்! அடியில் இருப்பது குஷாக், ஸ்லாவியா ஆகிய பெரிய ஸ்கோடாக்களின் அதே அடித்தளம், அதே எஞ்சின். பெரிய வண்டியின் எலும்பை வெட்டிச் சின்ன வண்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ரகசியம். ஓட்டும்போது அந்த எலும்பு பேசுகிறது.

போட்டி வண்டிகளை ஓட்டாமல் இதை எழுதவில்லை. ஆசையோடு, சில சமயம் ஷோரூம்காரர்களின் பொறுமையைச் சோதித்து, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன்.

மனசை ஆட்டிப்பார்த்தது மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ. உண்மையாகவே ஆடியது. கைலாக்கைவிட நீளமான 2,600 மி.மீ. வீல்பேஸ், பின்சீட்டில் கால் நீட்டி உட்காரலாம். உயர்ந்த பெட்ரோல் எஞ்சினில் 130 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர். நேர் ரோட்டில் மிதித்தால் கைலாக்கை விட்டுவிட்டுப் போய்விடும். கூரை முழுக்கக் கண்ணாடி வேறு. டீசலும் உண்டு, 300 நியூட்டன் மீட்டர். நான் மட்டும் போயிருந்தால் அங்கேயே அட்வான்ஸ் கட்டியிருப்பேன். கூட வந்த மனைவி டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் சாமான் அதில் அடங்காது என்பது அந்தப் பார்வைக்குப் பொருள். கைலாக்கின் டிக்கிக்கு கம்பெனி சொல்லும் கணக்கு 446 லிட்டர். டாடா நெக்ஸானுக்கு 382, கியா சோனெட்டுக்கு 385, மாருதி பிரெஸ்ஸாவுக்கு 328. லிட்டர் கணக்கை ஆளுக்கொரு விதமாக அளப்பார்கள் என்பதால் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பெட்டியும் ஓர் அரிசிப் பையும் கொண்டுபோய் வைத்தே பார்த்தோம். கைலாக்கில் இவை போகக் குழந்தையின் சைக்கிளுக்கும் இடம் இருந்தது. ஷோரூம் பையன் முதலில் மிரண்டான், பிறகு அவனே தூக்கி வைக்க உதவினான்.

டிக்கி ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், 3எக்ஸ்ஓவில் வேகம் இருந்தது, வளைவில் கைலாக் கொடுத்த அந்த நம்பிக்கை இல்லை. இது என் கைக்குத் தெரிந்த கணக்கு. உங்கள் கைக்கு வேறாகத் தெரியலாம்.

நெக்ஸானைப் பற்றி மரியாதையோடுதான் பேச வேண்டும். 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு அது. கார் வாங்கப் போகிறவன் ‘எத்தனை ஸ்டார்?’ என்று கேட்கும் பழக்கத்தை நம்மூரில் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தரையிலிருந்து உயரம் 208 மி.மீ., பெட்ரோல், டீசல், சிஎன்ஜி, மின்சாரம் என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும். தோட்டத்துக்குள் மண் பாதையில் தினமும் போகிறவர் என்றால் நானே நெக்ஸானைக் கைகாட்டுவேன். கைலாக்குக்கு 189 மி.மீ. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்கு முந்தின நாள் ராத்திரி முளைக்கும் வேகத்தடைகளில் இதுவரை அடி தட்டவில்லை. ஆனாலும் முழு லோடில் போனால் நான் மெதுவாகத்தான் ஏற்றி இறக்குகிறேன்.

பிரெஸ்ஸா தெரிந்த பிள்ளை. நாலு சிலிண்டர், 1,462 சி.சி., டர்போ இல்லை, அதிர்வு இல்லை, சிஎன்ஜியும் உண்டு, எந்த ஊருக்குப் போனாலும் மெக்கானிக் உண்டு. எஞ்சின் அந்த 1,200 சி.சி. கோட்டைத் தாண்டிவிட்டதால் 40 சதவீத வரிக்குள் போய் விழுகிறது, பாவம். ஓட்டினேன், ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசத் தோன்றவில்லை.

சோனெட்டின் டீசல் அருமை. சென்னைக்கும் கோவைக்கும் ஓயாமல் ஓடுகிறவர் அதையே வாங்கட்டும். நிசான் மேக்னைட் ஒரகடத்தில் செய்யும் வண்டி. 2020 டிசம்பரில் 4.99 லட்சத்துக்கு வந்து மற்றவர்களின் விலைப்பட்டியலைக் கலங்கடித்தது. காசுக்குத் தகுந்த வண்டி. பஞ்ச், எக்ஸ்டர் இரண்டும் இன்னும் ஒரு படி கீழே, வேறு பந்தயம்.

பாதுகாப்பில் கைலாக் எனக்கு வாதம் செய்ய வேலையே வைக்கவில்லை. பாரத் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32க்கு 30.88, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49க்கு 45, ஐந்து நட்சத்திரம். அதைவிட எனக்குப் பிடித்தது, ஆறு ஏர்பேக் அடிமட்ட மாடலிலேயே உண்டு என்பது. உயிருக்குக் கூடுதல் காசு கேட்கவில்லை. கதவை மூடும்போது வரும் அந்த ‘தப்’ சத்தத்துக்காகவே நான் சில நாள் தேவையில்லாமல் இறங்கி ஏறியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

நெடுஞ்சாலையிலும் அதே கதை. கரூர் போகும்போது பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். உயரமான வண்டிகளில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பது என் பழைய வழக்கம். இதில் அந்த இறுக்கம் தானாகவே தளர்ந்துவிட்டது. நூறில் போகும்போது பக்கத்துச் சீட்டுக்காரரோடு குரலை உயர்த்தாமல் பேசலாம்.

டீக்கடைக்காரருக்கு வருகிறேன். மைலேஜ். மேனுவலுக்கு கம்பெனி சொல்வது லிட்டருக்கு 19.68 கி.மீ. டவுனுக்குள் எனக்குப் பன்னிரண்டு, பதிமூன்று. நெடுஞ்சாலையில் எண்பது தொண்ணூறில் அலுங்காமல் போனால் பதினேழுக்கு மேல். மலையில் எவ்வளவு என்று பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். டீசல் இல்லை, சிஎன்ஜி இல்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு காசு என்று கணக்குப் போட்டு ஓடுபவருக்கு இது வண்டியே அல்ல.

பின்சீட்டில் இரண்டு பேர் ராஜா மாதிரி வரலாம். மூன்றாவது ஆள் ஒல்லியாக இருக்க வேண்டும், அல்லது சொந்தக்காரராக இருக்க வேண்டும். ஏசிக்குத் திருகும் குமிழ் இல்லை, தொடும் பலகைதான். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க வைக்கும் எதுவும் எனக்குப் பிடிக்காது. சுற்றிலும் காட்டும் கேமரா, தானாகப் பிரேக் போடும் சமாச்சாரமெல்லாம் வேண்டுமென்றால் மஹிந்திரா பக்கம் போங்கள். சன்ரூஃப் மேல்மாடலில் இருக்கிறது. நான் எடுத்தது அதற்கு ஒரு படி கீழே. சித்திரை வெயிலில் நாமக்கல் கோட்டைப் பாறையே கொதிக்கும்போது, காசு கொடுத்துக் கூரையில் ஓட்டை போட்டுக்கொள்ளும் ஆசை எனக்கு வரவில்லை.

“ஸ்கோடாவா, சர்வீஸ் செலவு சாப்பிட்டுடுமே” என்பது அடுத்த பயமுறுத்தல். ஆக்டேவியா காலத்திலிருந்து தொடரும் பேச்சு அது. அந்தப் பயத்தை உடைக்கவேண்டும் என்று கம்பெனிக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் முதலில் வாங்கிய 33,333 பேருக்கு மூன்று வருட வழக்கமான பராமரிப்பை இலவசமாக அறிவித்தார்கள். மாருதி அளவுக்கு ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டர் கிடையாது என்பது நிஜம். வாங்கும் முன் உங்கள் ஊருக்கு எது பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் வரைக்கும் சர்வீஸுக்குப் போவதே ஓர் இனிமையான பயணம், ஓட்டுவதற்கு ஒரு சாக்கு.

2024 நவம்பரில் 7.89 லட்சத்தில் ஆரம்ப விலையை அறிவித்தபோது நான் நம்பவில்லை. ஜிஎஸ்டி குறைந்த பிறகு அது இன்னும் இறங்கியது. எல்லா மாடலிலும் அதே டர்போ எஞ்சின் என்பதை மறக்காதீர்கள். விலை குறைந்த மாடலுக்குச் சோகையான எஞ்சினைக் கொடுத்து ஏமாற்றும் வேலை இதில் இல்லை. அடிமட்ட மாடலை வாங்கினாலும் அதே தள்ளல், அதே வளைவு, அதே சிரிப்பு.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூம்காரர் உங்களை பைபாஸில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுக் கூட்டிவரப் பார்ப்பார். விடாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியைப் போடுங்கள், குண்டும் குழியுமான ஒரு ரோடும் ஒரு மேம்பால ஏற்றமும் பார்த்துப் போங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டுக் கிளப்புங்கள். இரண்டாவது கியரில் 2,000 ஆர்பிஎம் தாண்டும்வரை மிதித்துப் பாருங்கள். அப்புறம் நேராக மஹிந்திரா ஷோரூமுக்கும் டாடா ஷோரூமுக்கும் போய் இதையே செய்யுங்கள். எனக்குப் பயமில்லை.