இரவல் பாட்டு

1992 நவம்பரில் வெளிவந்த 'தி பாடிகார்ட்' படத்தை விமர்சகர்கள் பிரித்து மேய்ந்தார்கள். லாரன்ஸ் காஸ்டன் எழுபதுகளில் ஸ்டீவ் மெக்வீனை மனத்தில் வைத்து எழுதி, பல ஆண்டு தூங்கிக் கிடந்த கதை அது. பாடகி, அவளுக்கு ஒரு மெய்க்காவலன், இருவருக்கும் காதல், பிறகு பிரிவு. இன்று அந்தப் படத்தைத் தேடிப்பிடித்துப் பார்ப்பவர்கள் சொற்பம். ஆனால் அதற்காக விட்னி ஹூஸ்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. படத்தின் இசைத்தொகுப்பு உலகெங்கும் நான்கரைக் கோடிப் பிரதிகள் விற்றதாகக் கணக்கு. சினிமாப் பாட்டு என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பாட்டு அந்தச் சினிமாவுக்காக எழுதப்பட்டதே அல்ல. படம் வந்தபோது பாட்டுக்கு வயது பத்தொன்பது.

ஹாலிவுட்டில் இது சகஜம். ஊரறிந்த பாட்டையோ பாதி மறந்துபோன பாட்டையோ எடுத்து, புதுக் குரலில் பாடவைத்து, கதையின் முக்கியமான இடத்தில் வைத்துவிடுவார்கள். நம் வழக்கம் வேறு. இயக்குநர் சிச்சுவேஷன் சொல்வார். இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார். கவிஞர் மெட்டுக்குள் சொல்லை உட்காரவைப்பார். பாட்டு அந்தக் காட்சிக்கென்றே பிறக்கும். அமெரிக்காவில் எடிசனிலும் பிரிமாண்ட்டிலும் வளரும் நம் பிள்ளைகளின் போனில் இரண்டு வகையும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன. இரவல் வாங்கிப் பாடும் வழக்கத்தில் யாருக்கு என்ன கிடைக்கிறது, என்ன பறிபோகிறது என்று பார்க்க, இந்த ஒரு பாட்டின் கதை போதும்.

டாலி பார்ட்டன் இதை 1973-இல் எழுதினார், காதலனுக்காக அல்ல. 1967 முதல் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிவந்தவர் தனியாகப் போக நினைத்தார். வேகனர் விடுவதாக இல்லை. சண்டை போட்டுப் பயனில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பாட்டாக எழுதி, அவர் முன்னால் பாடிக் காட்டினாராம். கண்கலங்கிய வேகனர், இந்தப் பாட்டைத் தயாரிக்கும் வாய்ப்பைத் தனக்குக் கொடுத்தால் போகலாம் என்றாராம். பார்ட்டன் பலமுறை சொல்லியிருக்கும் கதை இது. (1979-இல் அதே வேகனர் அவர்மீது வழக்குப் போட்டார். நல்ல கதைகள் அந்த இடத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன.) 1974-இல் பாட்டு கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பதிவில் பார்ட்டனின் குரல் எங்கும் முண்டுவதில்லை. வாழ்த்திவிட்டு விலகும் கடைசிச் சரணத்தை அவர் பாடுவதுகூட இல்லை, பேசுகிறார்.

எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட ஆசைப்பட்டார். ஆனால் அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை வைத்தார்: பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதி வேண்டும். பார்ட்டன் மறுத்துவிட்டார். எல்விஸ் குரலில் கேட்கும் வாய்ப்புப் போனதற்காக இரவெல்லாம் அழுதேன் என்று பின்னாளில் சொன்னார். அழுதாலும் கையெழுத்துப் போடவில்லை. இந்த வரலாற்றில் முக்கியமான நாள் அதுதான் என்பேன். ஒலிப்பதிவு நடந்த நாள்கள்கூட முக்கியத்துவத்தில் அதற்கு அடுத்துதான்.

பாட்டு படத்துக்குள் நுழைந்ததும் 1992-இல்தான் என்றில்லை. 1982-இல் 'தி பெஸ்ட் லிட்டில் ஹோர்ஹவுஸ் இன் டெக்சஸ்' படத்தில் பார்ட்டனே நாயகி. அதற்காகப் பார்ட்டன் இதே பாட்டை மறுபடி பதிவு செய்தார். கன்ட்ரி பட்டியலில் அது மறுபடி முதலிடம். ஆனாலும் பாட்டு கன்ட்ரி வட்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. சினிமாவில் வந்ததால் மட்டும் பாட்டு உலகைச் சுற்றிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தாண்டவைத்தது நியூ ஜெர்ஸிக் குரல். விட்னி 1963-இல் நியூவார்க்கில் பிறந்தவர். அங்குள்ள நியூ ஹோப் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர் அவருடைய தாய் சிஸ்ஸி ஹூஸ்டன். அந்த அம்மா, 'ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ்' குழுவில் இருந்தபோது எல்விஸுக்குப் பின்பாட்டுப் பாடியவர். எல்விஸுக்குக் கிடைக்காத பாட்டு, அவருக்குப் பின்பாட்டுப் பாடியவரின் மகளுக்குக் கிடைத்தது. படத்துக்காக முதலில் வேறொரு பழைய பாட்டைத்தான் யோசித்திருந்தார்கள். அதை இன்னொரு படம் முந்திக்கொள்ளவே, நாயகன் கெவின் காஸ்ட்னர் இதைச் சொன்னார். இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் கிடைத்ததோ லிண்டா ரான்ஸ்டட் 1975-இல் பாடிய பதிவு. அதில் கடைசிச் சரணம் இல்லை. ஃபாஸ்டர் பார்ட்டனிடம் போனில் பேசியபோதுதான் அப்படி ஒரு சரணம் இருப்பதே தெரிந்ததாம். அந்த அழைப்பு போகாமல் இருந்திருந்தால், வாழ்த்தும் மனசு இல்லாத ஒரு பிரிவுப் பாட்டைத்தான் உலகம் கேட்டிருக்கும். மூலத்தைத் தேடாமல் நகலிலிருந்து நகலெடுப்பது இந்த வழக்கத்தோடு ஒட்டிப்பிறந்த ஆபத்து.

இனி பதிவுக்கு வருவோம். முதல் சரணம் முழுக்க வாத்தியமே கிடையாது. அதுவும் காஸ்ட்னரின் பிடிவாதம்தான். அங்கே விட்னி பார்ட்டனுக்கு மிக அருகில் நிற்கிறார். அடக்கம் இருக்கிறது, சொல்லுக்கும் மூச்சுக்கும் இடையில் தயக்கம் இருக்கிறது. பிறகு வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேருகின்றன, கிர்க் வேலமின் சாக்ஸபோன் வருகிறது. அப்புறம் ஒரு கணம் எல்லாம் நின்று, ஒரே ஒரு டிரம் அடி. சுருதி ஒரு முழு ஸ்வரம் மேலே ஏறி, குரல் உடைத்துக்கொண்டு கிளம்புகிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சங்கதிகளின் அழகு உடனே பிடிபடும். ஓர் உயிரெழுத்தின் மேல் ஐந்தாறு ஸ்வரங்களை உருட்டுவது தேவாலயத்தில் அவருக்குப் பாலபாடம்.

ஆனால் அந்த டிரம் அடிக்குப் பிறகு பாட்டின் பொருள் மாறிவிடுகிறது. நான் இருந்தால் உனக்கு இடைஞ்சல் என்று விலகிப் போகிறவள், திடீரென்று வென்றவளாக நிற்கிறாள். பிரிவுப் பாட்டு என்பதே மறந்து, கல்யாண வரவேற்புகளில்கூட இதைப் போடுகிறார்கள். விட்னியின் குரலில் அது பொருந்துகிறது, ஏனென்றால் முதல் சரணத்தின் அடக்கத்தால் அந்த உச்சத்துக்கு அவர் முன்பணம் கட்டியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் உச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'அமெரிக்கன் ஐடல்' மேடையிலும் சரி, நம் 'சூப்பர் சிங்கர்' மேடையிலும் சரி, யார் எவ்வளவு மேலே போனார் என்பதற்கே கைதட்டல் கிடைக்கிறது. அதற்கு இந்தப் பாட்டு மட்டும் காரணமல்ல. ஆனாலும் அந்த மோகத்தின் பெரிய முன்மாதிரி இதுதான். ரான்ஸ்டட் பாடியதோ இன்று பலருக்கு நினைவில்லை. பார்ட்டன் பதிவையே, விட்னி பாட்டை யாரோ மெதுவாகப் பாடிப் பார்த்ததாக நினைப்பவர்கள் உண்டு.

புகழ் விட்னிக்கு. பணம்? அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை வெளியான பாட்டை யார் வேண்டுமானாலும் நிர்ணயித்த கட்டணம் கட்டிப் பதிவு செய்யலாம். ஆனால் படத்தில் சேர்க்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதோடு, அங்கே ஏ.எம்., எஃப்.எம். வானொலிகள் பாட்டு எழுதியவருக்குப் பணம் தருகின்றன, பாடியவருக்குத் தருவதில்லை. நியூவார்க் வானொலி ஒவ்வொரு முறை விட்னியை ஒலிபரப்பும்போதும் காசு பார்ட்டனுக்குத்தான் போனது. 2012 பிப்ரவரியில் விட்னி இறந்து, அதே நியூ ஹோப் தேவாலயத்தில் இறுதி ஆராதனை நடந்த நாள்களில் பாட்டு மறுபடி பில்போர்டில் மூன்றாம் இடம் வரை ஏறியதே, அப்போதும் அப்படித்தான். எழுதியவரைக் காப்பாற்றியதால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கிறது. அந்த உச்சத்தை எட்டிய தொண்டைக்கு வானொலியிலிருந்து ஒரு காசு கிடையாது என்பதை நியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

நம் பக்கம் இது அப்படியே தலைகீழாக இருந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகச் செய்யப்பட்ட மெட்டும் வரிகளும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், தயாரிப்பாளருடையவை என்றது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு வந்தது 2012 சட்டத் திருத்தத்தில். இடைப்பட்ட காலத்தின் கசப்பு 2017-இல் அமெரிக்காவிலேயே வெடித்தது. எஸ்.பி.பி. அங்கே கச்சேரிச் சுற்றில் இருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது. மீதிக் கச்சேரிகளில் அந்தப் பாடல்கள் இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் இளையராஜாவைத் திட்டினார்கள். பார்ட்டன் எல்விஸுக்கு மறுத்ததைத் துணிச்சல் என்று கொண்டாடுகிறவர்கள், இதைப் பேராசை என்றார்கள்.

'குணா'வின் (1991) கடிதப் பாட்டை 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' எடுத்துக்கொண்டதை, இரவல் வழக்கத்தின் நல்ல உதாரணமாகவே சொல்வேன். மறுபடி பாடவைக்காமல், டிரம் அடி சேர்க்காமல், ஜானகியும் கமலும் பேசிப் பாடிய பழைய பதிவையே வைத்தார்கள். காதல் பாட்டு நட்பின் பாட்டாயிற்று. மூலத்துக்குக் கீறல் விழவில்லை. அதற்கும் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. ஆடியோ கம்பெனிகளிடம் உரிமை வாங்கியிருக்கிறோம் என்றது படக்குழு. ஃபாஸ்டருக்கு ஒரே ஒரு போன் போதுமாக இருந்தது; இங்கே கம்பெனியா, தயாரிப்பாளரா, இசையமைப்பாளரா என்று மூன்று வாசல்கள். வரிகளை எழுதிய வாலி 2013-இலேயே போய்விட்டார். அந்தச் சச்சரவு பற்றி நான் படித்த செய்திகளில் அவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.