வழுக்கும் சக்கரம்: ஒரு முறையீட்டை வாசித்தல்

"பிரேக் புடிச்சா நிக்கவே மாட்டேங்குது." கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்வெளிப் பாவனை விளையாட்டில் என் வண்டி சரிவில் வழுக்கிக் கவிழ்ந்தபோது நான் கத்தியது இது. பலரும் பலவிதமாகச் சொன்னதும் இதைத்தான், குறிப்பாக 2016 ஏப்ரலில் 1.1 பதிப்பு வந்த பிறகு. அடித்தளமான யூனிட்டி மென்பொருளை அதன் ஐந்தாம் பதிப்புக்கு மாற்றியபோது சக்கரக் கணிதமும் மாறிப்போயிற்று. சும்மா நிறுத்திவைத்த வண்டி நடுங்குகிறது, துள்ளுகிறது என்று முறையீடுகள் குவிந்தன.

முறையீட்டையும் ஒரு வாசிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். பிரதியோடு வாசகனின் உடம்பு முட்டிக்கொள்கிற இடம் அது. ராக்கெட் ஓட்டிய உடம்பு நம்மிடம் இல்லை. ஆகவே ராக்கெட்டைப் பற்றிச் சொன்னதை நம்பிவிடுகிறோம். சக்கரம் அப்படியல்ல. சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால் இன்னும் எதையும் மறக்கவில்லை. 'இது இயல்பாக இல்லை' என்று தீர்ப்புச் சொல்வது அந்த முழங்கால்தான்.

ஆனால் முழங்காலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஈர்ப்புவிசை. விளையாட்டிலுள்ள மின்மஸ் என்ற குட்டி நிலவில் ஈர்ப்பு, தாய்க்கோளில் இருப்பதில் 20இல் ஒரு பங்கு. எடை குறைந்தால் சக்கரத்தின் பிடிமானமும் அதே அளவு குறையும். வண்டியின் நிறையோ அப்படியே இருக்கும். அதே வேகத்தில் போனால் நிற்பதற்கு 20 மடங்கு தூரம் வேண்டும். நான் கவிழ்ந்தது அங்கேதான், தப்பு என்னுடையது. 1972இல் அப்போலோ 16 பயணத்தில் ஜான் யங் நிலவில் வண்டி ஓட்டியதை சார்லஸ் டியூக் படம் பிடித்தார். சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பி எழும்பி விழுகின்றன. அதை விளையாட்டுக்குள் பார்த்திருந்தால் நாமே 'பிழை' என்றிருப்போம்.

அதற்காக எல்லாவற்றையும் ஈர்ப்பின் தலையில் கட்டிவிட முடியாது. சமதளத்தில் சும்மா நிற்கிற வண்டி நடுங்குவதற்கு எந்த நிலவும் காரணமில்லை. யூனிட்டியில் சக்கரம் என்பது உருளும் பொருளே அல்ல. அச்சிலிருந்து கீழ்நோக்கி ஒரு கற்பனைக் கோடு எய்யப்படுகிறது. அது தரையைத் தொடுகிற தூரத்தை வைத்து ஸ்பிரிங்கின் விசையும் உராய்வும் கணக்கிடப்படுகின்றன. நாம் பார்க்கும் சக்கரம் அந்தக் கணக்குக்கு ஏற்பச் சுழற்றிக் காட்டப்படும் படம் மட்டுமே. (குறிப்பான், குறிப்பீடு என்று பேசுகிற நண்பர்கள் சந்தோஷப்படலாம்.) ஸ்பிரிங்கின் விறைப்பு வண்டியின் நிறைக்குப் பொருந்தாவிட்டால் கணக்கு ஒவ்வொரு கணமும் அளவுக்கு மீறித் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அந்தத் தடுமாற்றம்தான் நடுக்கமாகத் தெரிகிறது. இங்கே முழங்கால் சொன்னது சரி.

ஆக முறையீடுகள் இரண்டு வகை: ஒன்று பிழையைப் பிடித்தது, மற்றது நிலவை ஏற்க மறுத்தது. இரண்டுக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான். உராய்வையும் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் விளையாடுபவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளப் பின்னர் திருகுகள் தரப்பட்டன. பார்க்க ஜனநாயகம் மாதிரி இருக்கிறது. எனக்கு உறுத்துகிறது. முறையிட்டவன் தலையிலேயே வேலையைக் கட்டியாச்சு. இனிமே வண்டி வழுக்கினா 'நீ சரியா வைக்கலை' என்று ஆகிவிடுகிறது. அதோடு, அந்தத் திருகுக்குப் பிழை எது நிலவு எது என்று தெரியாது. ஒரு திருப்பில் மின்மஸை ஊர் ரோடாக்கிவிடலாம்.

நானும் உராய்வைக் கூட்டி வைத்துத்தான் இப்போது அங்கே ஓட்டுகிறேன். பிரேக் புடிச்சா நிக்குது.