மாருதி இன்ஜினில் ஒரு ரேஸ் கார்

சென்னையில் அடையாறை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் ‘ரஃப்தார்’ என்ற மாணவர் குழு, போட்டிக்கான ரேஸ் கார்களைத் தானே வடிவமைத்துக் கட்டுகிறது. 2022-இல் அவர்கள் அறிமுகப்படுத்திய ஆர்.எஃப்.ஆர். 23, மின்சாரக் கார். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோயம்புத்தூர் கரிவர்தன்தான் நினைவுக்கு வருவார். 1980-களில் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் கட்டியவர். காசுக்கார விளையாட்டை நடுத்தர வீட்டுப் பையன்களுக்குக் கொஞ்சம் எட்டவைத்த கெட்டிக்காரர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார்.

இன்ஜினைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். என் கண் போவது காரைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தின் மேல். ஒரு குழாயின் முனையை மீன் வாய் போல அரைத்து, அடுத்த குழாயின் வளைவில் இடைவெளி தெரியாமல் உட்காரவைக்க வேண்டும். அரம், கிரைண்டர், பொறுமை, இவ்வளவே செலவு. முதலில் எல்லா மூட்டுக்கும் பொட்டுப் பொட்டாக டாக் வெல்டு வைத்துவிட்டு, பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக முழு வெல்டிங். ஒரே பக்கமாகச் சூடேற்றினால் சட்டம் கோணிக்கொள்ளும். அப்புறம் சக்கரம் நேராக நிற்காது. நல்ல வெல்டர் கிடைத்தால் பாதிக் கார் முடிந்த மாதிரி. (பெயின்ட் அடிக்கத்தான் ஆயிரம் பேர் வருவார்கள்!)

இப்படி ஒரு கார் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உரிய அங்கீகாரமும் பதிவும் இல்லாமல் அந்தக் காரை அடையாறு எல்.பி. ரோட்டில் ஓட்ட முடியாது. டிராக்கில் மட்டும்தான்.